கால்பந்தாட்டத்தில் புள்ளியியல்

புள்ளியியல் என்றவுடன் மக்கள்தொகைக் கணக்கும், விலைவாசிக் குறியீட்டெண்ணும், பயிர் விளைச்சலும் நம் நினைவிற்கு வருகின்றன. விளையாட்டில் அதற்கு இடமுண்டா என்று கேட்டால் கிரிக்கெட்டைச் சொல்வோம். அங்கே ஒவ்வொரு பந்தும் ஒரு தனி நிகழ்ச்சி. ஓட்டம், விக்கெட், ஓவர் என்று யாவும் தாமாகவே எண்களாக அமைந்துவிடுகின்றன. கால்பந்தாட்டம் அத்தகையது அன்று. இருபத்திரண்டு பேர் தொண்ணூறு நிமிடம் ஓடுகிறார்கள். பந்து ஆயிரம் முறை கைமாறுகிறது, அல்ல, கால்மாறுகிறது. முடிவில் நம் கையில் எஞ்சுவது 1-0 அல்லது 2-1 என்னும் இரண்டு சிறிய எண்களே.

அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் அணியின் திறமையை மதிப்பிட முடியுமா? முடியாதெனில் வேறு எவற்றை எண்ண வேண்டும்? எண்ணியவற்றை எவ்வாறு பொருள் கொள்ள வேண்டும்? இக்கேள்விகளுக்கு எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக விடை தேடி வருகின்றனர். விடை தேடியவர்களுள் கணக்கர் உண்டு, பேராசிரியர் உண்டு, இயற்பியல் படித்தோரும் உண்டு. அவர்கள் கண்ட உண்மைகள் நமக்குப் பயன்படும். அவர்களிடம் நேர்ந்த பிழைகள் அதனினும் மிகுதியாகப் பயன்படும். ஆதலின் கால்பந்தாட்டத்தில் நாட்டமில்லாத நண்பர்களும் இக்கட்டுரையை இறுதிவரை படிக்குமாறு வேண்டுகிறேன்.

பென்சிலும் குறிப்பேடும்

1950-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18-ஆம் நாள். இங்கிலாந்தில் ஸ்விண்டன் டவுன் அணிக்கும் பிரிஸ்டல் ரோவர்ஸ் அணிக்கும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பார்வையாளருள் ஒருவர் சார்ல்ஸ் ரீப். அவர் பிரிட்டிஷ் விமானப்படையின் விங் கமாண்டர்; கணக்கியலில் பயிற்சி பெற்றவர். முதற்பாதியில் ஸ்விண்டன் அணி மீண்டும் மீண்டும் முன்னேறியும் கோல் அடிக்க இயலாமற் போனதைக் கண்டு பொறுமை இழந்தார். இடைவேளைக்குப் பின் பென்சிலையும் குறிப்பேட்டையும் எடுத்து, ஒவ்வொரு தாக்குதலையும் தாமே வகுத்துக்கொண்ட குறியீடுகளால் எழுதத் தொடங்கினார். அந்தப் பாதியில் மட்டும் ஸ்விண்டனின் தாக்குதல்கள் 147 என்று கணக்கிட்டார்.

அன்று தொடங்கிய பழக்கம் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. மங்கிய வெளிச்சத்திலும் எழுதுவதற்காகச் சுரங்கத் தொழிலாளர் அணியும் விளக்குத் தொப்பியை அணிந்துகொண்டு அரங்கில் அமர்ந்திருப்பாராம். 1958-ஆம் ஆண்டு உலகக் கோப்பை இறுதியாட்டத்தைச் சுவரில் ஒட்டும் தாள் சுருள் ஒன்றில் முழுமையாகப் பதிவு செய்தார். 1951-இல் பிரெண்ட்ஃபோர்டு கழகத்திற்கும், பின்னர் வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ் கழகத்திற்கும் ஆலோசனை வழங்கினார். கணிப்பொறி இல்லை, படச்சுருளைத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் வசதியும் இல்லை. ஒரு மனிதரின் கண்ணும் கையும் மட்டுமே கருவிகள். அந்த உழைப்பைப் போற்றாமல் இருக்க முடியாது.

1968-ஆம் ஆண்டு ரீப்பும் புள்ளியியலாளர் பெர்னார்டு பெஞ்சமினும் இணைந்து, பிரிட்டனின் ராயல் புள்ளியியல் கழக இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கால்பந்தாட்டத்தில் திறமையும் தற்செயலும் எவ்வளவு என்பதே அதன் பொருள். ஒரு வீரர் தம் அணியைச் சேர்ந்த மற்றொருவருக்குப் பந்தைத் தட்டிக் கொடுப்பதைப் ‘பாஸ்’ என்கிறோம். ஓர் அணி பந்தைப் பெற்றதிலிருந்து இழக்கும் வரை எத்தனை பாஸ்கள் தொடர்ந்து வருகின்றன என்று எண்ணி, அத்தொடர்களின் பரவல் எதிர்மறை ஈருறுப்புப் பரவலுக்கு நன்கு பொருந்துவதைக் காட்டினர். ஏறத்தாழப் பத்து உதைகளுக்கு ஒன்றே கோலாகிறது என்றும் கண்டனர். இவை யாவும் பிற்கால ஆய்வுகளாலும் பெரும்பாலும் உறுதி செய்யப்பட்டவை.

ஆனால் பயிற்சியாளர்கள் மனத்தில் நின்றது வேறொரு முடிவு. விழுந்த கோல்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு, மூன்றோ அதற்குக் குறைவோ ஆன பாஸ்களைக் கொண்ட தொடர்களிலிருந்து வந்தவை! இதிலிருந்து ரீப் கண்ட பாடம் மிக எளியது: பந்தைக் காலடியில் வைத்துக் கொண்டு நுணுக்கமாக ஆடுவது வீண், எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் எதிரணியின் கோலை நோக்கி நெடுந்தூரம் உதைத்து அனுப்புக.

பிழை எங்கே?

எண் சரியானது. எண்ணியவரும் நேர்மையானவர். முடிவு மட்டும் ஏன் தவறாயிற்று? மேலே படிக்குமுன் வாசகர் ஒரு நிமிடம் தாமே சிந்தித்துப் பார்ப்பது நலம்.

நூறு கோல்களில் எண்பது குறுந்தொடர்களிலிருந்து வந்தன என்றால், நாம் உடனே கேட்க வேண்டிய கேள்வி: ஆட்டத்தில் நிகழும் எல்லாத் தொடர்களிலும் குறுந்தொடர்கள் எத்தனை? அந்த எண்ணும் அதே ஆய்விலேயே இருந்தது. ஆடப்பட்ட தொடர்களில் 91.5 விழுக்காடு மூன்று பாஸ்களுக்கு மேற்படாதவை. பந்தை விரைவில் இழப்பதே கால்பந்தாட்டத்தின் இயல்பு. நீண்ட தொடர்கள் அரியவை.

இப்பொழுது ஒரு சிறு கணக்குப் போடுவோம். எளிமைக்காக, 10,000 தொடர்களில் 100 கோல்கள் விழுந்ததாகக் கொள்வோம்.

குறுந்தொடர்கள் 9,150, அவற்றில் கோல்கள் 80. அதாவது 114 தொடர்களுக்கு ஒரு கோல்.

நெடுந்தொடர்கள் 850, அவற்றில் கோல்கள் 20. அதாவது ஏறத்தாழ 42 தொடர்களுக்கு ஒரு கோல்.

ஆக, நெடுந்தொடர் ஒன்று கோலில் முடியும் வாய்ப்பு, குறுந்தொடரைக் காட்டிலும் இரண்டரை மடங்குக்கும் மேல்! எந்த எண்ணைக் காட்டி நுணுக்க ஆட்டம் வீண் என்றார்களோ, அதே எண் வகுத்துப் பார்த்தபோது நேர் எதிரான சான்றைத் தருகிறது. பிழை எண்ணியதில் இல்லை. எதனால் வகுப்பது என்று எண்ணாததில் இருக்கிறது. நிகழ்தகவுப் பாடத்தின் முதல் அதிகாரத்தில் ‘நிபந்தனை நிகழ்தகவு’ என்று நாம் படிப்பது இதுவே. கோல் விழுந்தது எனத் தெரிந்தபின் அது குறுந்தொடராக இருக்கும் நிகழ்தகவு வேறு. குறுந்தொடர் எனத் தெரிந்தபின் அது கோலாகும் நிகழ்தகவு வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொண்டால் கரும்பலகையில் மதிப்பெண் போகும். திடலில் ஆட்டமே போகும்.

இது வெறும் ஏட்டுப் பிழையாக நின்றிருந்தால் நாம் பேச வேண்டுவதில்லை. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் பயிற்சித் துறையில் நெடுங்காலம் பணியாற்றிய சார்ல்ஸ் ஹியூஸ், தாமும் கோல்களை எண்ணி இதையொத்த முடிவுக்கே வந்தார். 1990-இல் அதை நூலாகவும் வெளியிட்டார். நாட்டின் பயிற்சியாளர்கள் இக்கொள்கையைப் பாடமாகவே படித்தனர். ஒரு தலைமுறைச் சிறுவர்கள் பந்தை அடக்கி ஆளக் கற்பதற்கு முன் அதை வானில் உதைக்கக் கற்றனர் என்று பிற்காலத்தவர் பலர் குறை கூறினர். 1994 உலகக் கோப்பைப் போட்டிக்கு இங்கிலாந்து தகுதி பெறவேயில்லை.

இங்கு நாமும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். இங்கிலாந்தின் தோல்விக்கு இக்கொள்கையே காரணம் என்று உடனே தீர்ப்பளித்தால், ஒட்டுறவைக் காரணம் எனக் கொள்ளும் மற்றொரு பிழையைச் செய்தவர்கள் ஆவோம். ஏனெனில் ரீப்புடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்த எகில் ஓல்சென் நார்வே அணிக்குப் பயிற்சியாளராகி, நேரடியாக முன்னேறும் ஆட்டத்தையே கையாண்டார். அந்த அணி 1994, 1998 ஆகிய இரு உலகக் கோப்பைகளுக்கும் தகுதி பெற்றது. 1998-இல் பிரேசிலை 2-1 எனத் தோற்கடிக்கவும் செய்தது.

2005-ஆம் ஆண்டு மைக் ஹியூஸ் (மேற்கூறியவர் அல்லர்), இயன் பிராங்க்ஸ் என்னும் இருவர், 1990, 1994 உலகக் கோப்பை ஆட்டங்களை எடுத்து, தொடர்களின் எண்ணிக்கையால் முறைப்படி வகுத்து ஆராய்ந்தனர். வெற்றி பெற்ற அணிகளுக்கு நெடுந்தொடர்களே தொடர் ஒன்றுக்கு அதிகக் கோல்களைத் தந்தன. எனினும் ஓர் உதை கோலாக மாறும் விகிதம் நேரடி ஆட்டத்தில்தான் உயர்வாக இருந்தது. நெடுந்தொடர் அதிக உதைகளை உண்டாக்குகிறது. குறுந்தொடரோ, எதிரணி சீரமையுமுன் உதைக்கும் வாய்ப்பைத் தருகிறது. உண்மை இருபுறமும் பகிர்ந்து கிடக்கிறது. அதைக் காட்டியது சரியான வகுத்தலே.

தற்செயலின் பங்கு

ரீப், பெஞ்சமின் இருவரும் சரியாகக் கண்டது, இவ்வாட்டத்தில் தற்செயலுக்கு உள்ள பெரும் பங்கு. அதை அளப்பதற்கு நாம் வகுப்பில் படிக்கும் பாய்ஸான் பரவலே போதும்.

புள்ளியியல் மாணவர் அனைவரும் அறிந்த பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. புருசியப் படையில் குதிரை உதைத்து இறந்தோரின் கணக்கைப் போர்ட்கீவிச் என்பவர் 1898-இல் வெளியிட்டார். பத்துப் படைப்பிரிவுகள், இருபது ஆண்டுகள். ஆக 200 பதிவுகள். இறந்தோர் 122 பேர்; சராசரி 0.61. ஒருவரும் இறவாத பதிவுகள் 109. பாய்ஸான் வாய்பாடும் ஏறத்தாழ 109 என்றே விடை தருகிறது. நிகழ வாய்ப்புகள் பலவாகவும், ஒவ்வொரு வாய்ப்பிலும் நிகழும் தகவு மிகக் குறைவாகவும் உள்ள எதற்கும் இப்பரவல் பொருந்தும். கால்பந்தில் தாக்குதல்கள் பல; கோலாவது மிகச் சில. ஆகவே குதிரையின் உதைக்குப் பொருந்தியது மனிதரின் உதைக்கும் பொருந்துவதில் வியப்பில்லை!

2018 உலகக் கோப்பையில் 64 ஆட்டங்களில் 169 கோல்கள் விழுந்தன, சராசரி 2.64. இயல் மடக்கையின் அடிமானமாகிய 2.718-ஐ இச்சராசரியின் எதிர்க்குறி அடுக்கிற்கு உயர்த்தினால், கோலே விழாத ஆட்டத்தின் நிகழ்தகவு 0.071 எனக் கிடைக்கும். 64 ஆட்டங்களில் அத்தகையன நான்கு அல்லது ஐந்து எதிர்பார்க்கலாம். நிகழ்ந்ததோ ஒன்றே ஒன்று. அது டென்மார்க்கும் பிரான்சும் ஆடியது. 2022 உலகக் கோப்பையில் 172 கோல்கள். எதிர்பார்ப்பு மீண்டும் நான்குக்குச் சற்று மேல். நிகழ்ந்தவை ஏழு.

ஒன்றிலிருந்து ஏழு! ஆட்டத்தின் போக்கே மாறிவிட்டது, தற்காப்பு ஓங்கிவிட்டது என்று எழுதத் தோன்றும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 128 ஆட்டங்களுக்குக் கணக்குப்படி எதிர்பார்ப்பது ஏறத்தாழ 9, நிகழ்ந்தவை 8. சிறிய கூறுகளில் எண்கள் துள்ளும். கூறு பெரிதாகப் பெரிதாக அமைதி கொள்ளும். துள்ளலுக்கெல்லாம் காரணம் கற்பிப்பது மனித இயல்பு. அதைத் தடுப்பது புள்ளியியலின் கடமை.

இனி இரண்டு அணிகளை எதிரெதிரே நிறுத்துவோம். வலிய அணி ஆட்டத்திற்குச் சராசரி 1.6 கோலும், எளிய அணி 1.0 கோலும் அடிக்கும் எனக் கொள்வோம். இரண்டும் தனித்தனிப் பாய்ஸான் பரவலைப் பின்பற்றுவதாகக் கொண்டு பெருக்கிக் கூட்டினால் கிடைப்பது இது:

வலிய அணி வெல்லும் வாய்ப்பு - 51 விழுக்காடு
சமநிலையில் முடியும் வாய்ப்பு - 25 விழுக்காடு
எளிய அணி வெல்லும் வாய்ப்பு - 24 விழுக்காடு

தெளிவாகவே வலிமை மிக்க அணி, பாதி ஆட்டங்களில்தான் வெல்கிறது. நான்கில் ஓர் ஆட்டத்தில் எளிய அணி வென்றுவிடுகிறது. ஓர் ஆட்டத்தின் முடிவைக் கொண்டு ‘இவர் வீரர், அவர் வீணர்’ என்று தீர்ப்பளிப்பது எவ்வளவு பொருந்தாதது என்பதை இதனால் அறியலாம். ஆனால் இதே வேறுபாடு 38 ஆட்டங்கள் கொண்ட ஒரு பருவம் முழுவதும் நீடித்தால், வெற்றிக்கு 3, சமநிலைக்கு 1 என்னும் கணக்கில் வலிய அணி ஏறத்தாழ 68 புள்ளிகளும், எளிய அணி 36 புள்ளிகளும் பெறும். ஓர் ஆட்டத்தில் மறைந்து கிடந்த திறமை, பருவத்தின் இறுதியில் வெளிப்பட்டுவிடுகிறது.

இவ்வழியில் 1982-இல் மாஹர் என்பவர், ஒவ்வோர் அணிக்கும் தாக்கும் வலிமை ஒன்று, காக்கும் வலிமை ஒன்று என இரு அளவைகளை மதிப்பிடும் முறையை வகுத்தார். 1997-இல் டிக்சன், கோல்ஸ் இருவரும் அதைத் திருத்தினர். 0-0, 1-1 போன்ற சிறு முடிவுகள் எளிய பாய்ஸான் கணக்கிலிருந்து விலகுவதைச் சரி செய்தனர். பழைய ஆட்டங்களைவிட அண்மை ஆட்டங்களுக்கு மிகுந்த எடை கொடுத்தனர். இன்றைய கணிப்பு முறைகள் பலவற்றுக்கும் இவ்விரு கட்டுரைகளே வேர்.

உதைகளை எடை போடுதல்

கோல் மிக அரிதாக விழுவதால் அதை மட்டும் எண்ணி அணியை அளப்பது கடினம். அப்படியானால் கோலை நோக்கிய உதைகளை எண்ணலாமே? எண்ணினார்கள். 2014 உலகக் கோப்பை அரையிறுதியில் பிரேசில் 18 முறை உதைத்தது. ஜெர்மனி 14 முறைதான். முடிவு உலகமே அறிந்தது: ஜெர்மனி 7, பிரேசில் 1.

காரணம், உதைகள் அனைத்தும் ஒரே மதிப்புடையன அல்ல. மூன்று நல்ல தேங்காயும் பத்து அழுகிய தேங்காயும் எண்ணிக்கையில் ஒப்பிடத் தக்கனவா? பெனால்டி உதைகளில் நூற்றுக்கு எழுபத்தைந்து முதல் எண்பது வரை கோலாகின்றன. பெட்டிக்கு வெளியே நெடுந்தொலைவிலிருந்து உதைப்பவை நூற்றுக்கு ஐந்துகூடத் தேறுவதில்லை. தொலைவு, கோணம், காலால் உதைத்ததா தலையால் முட்டியதா, எதிரணி வீரர் எவ்வளவு நெருங்கி நின்றார் என்பவற்றைக் கொண்டு ஒவ்வோர் உதைக்கும் ஒரு நிகழ்தகவைக் கொடுக்கலாம். அந்நிகழ்தகவுகளின் கூட்டுத்தொகையே ‘எதிர்பார்க்கப்படும் கோல்’ எனப்படுவது. எதிர்பார்ப்பு மதிப்பு என்று நாம் தாயக்கட்டையையும் நாணயத்தையும் கொண்டு கற்பதே இங்கு பந்தைக் கொண்டு கணக்கிடப்படுகிறது.

இக்கருத்துக்கு வித்திட்டவர்களுள் ரீப்பும் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது. 1997-இல், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில், ரிச்சர்டு பொல்லார்டு என்பவருடன் சேர்ந்து, உதைகள் கோலாகும் நிகழ்தகவை இடத்தையும் சூழலையும் கொண்டு மதிப்பிடும் கட்டுரையை வெளியிட்டார். தொடக்கத்தில் வகுக்க மறந்தவர், பிற்காலத்தில் எடை போடக் கற்றுத்தந்தார். 2012-க்குப் பின் இம்முறை தொழில்முறைக் கழகங்களிலும் செய்தித்தாள்களிலும் பரவியது.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். முதல் அணி தொலைவிலிருந்து 15 முறை உதைக்கிறது. ஒவ்வொன்றின் நிகழ்தகவும் 0.04. இரண்டாம் அணி கோலுக்கு அருகிலிருந்து 4 முறை மட்டும் உதைக்கிறது, ஒவ்வொன்றும் 0.3. முதல் அணிக்கு எதிர்பார்க்கப்படும் கோல் 0.6, இரண்டாம் அணிக்கு 1.2. முதல் அணி ஒரு கோலும் அடிக்காமல் போகும் வாய்ப்பு 54 விழுக்காடு. இரண்டாம் அணிக்கு அது 24 விழுக்காடுதான். ‘பதினைந்து முறை உதைத்தும் அதிர்ஷ்டமில்லை’ என்று முதல் அணியின் இரசிகர் புலம்பினால், அதிர்ஷ்டம் சரியாகத்தான் இருந்தது என்று நாம் ஆறுதல் கூறலாம்.

பயிற்சியாளரின் வேலை

தொழில்முறைக் கால்பந்தில் அணி தொடர்ந்து தோற்றால் முதலில் வேலை இழப்பவர் பயிற்சியாளர். புதியவர் வருகிறார், அணி வெல்லத் தொடங்குகிறது, பாராட்டுகள் குவிகின்றன. இதில் புதியவரின் பங்கு எவ்வளவு?

உயரமான தந்தையரின் மக்கள் தந்தையைவிடச் சற்றுக் குட்டையாகவும், குட்டையான தந்தையரின் மக்கள் சற்று உயரமாகவும் இருக்கும் போக்கை 1886-இல் கால்ட்டன் விளக்கினார். தற்செயல் கலந்த எந்த அளவும், ஒருமுறை எல்லை மீறித் தாழ்ந்தால் அடுத்த முறை சராசரியை நோக்கித் திரும்பும். அணி மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும்போதுதான் பயிற்சியாளரை நீக்குகிறார்கள். அதன்பின் முன்னேற்றம் வருவது, யாரையும் நீக்காவிட்டாலும் எதிர்பார்க்கத்தக்கதே. நெதர்லாந்து நாட்டின் 1986 முதல் 2004 வரையான ஆட்டங்களை ஆராய்ந்த பாஸ் டெர் வீல், பயிற்சியாளரை நீக்கிய கழகங்களையும், அதே அளவு சரிவு கண்டும் நீக்காத கழகங்களையும் ஒப்பிட்டார். நீக்கியதால் தனிப் பயன் எதுவும் விளையவில்லை என்று 2011-இல் அறிவித்தார். ஒரு மனிதரின் பிழைப்பு, சராசரிக்குத் திரும்புதல் என்னும் எளிய உண்மையை நிர்வாகிகள் அறியாமையால் பறிபோகலாம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதை அறிந்து நடந்தவர்களும் உண்டு. 2014-15 பருவத்தில் யூர்கன் கிளாப்பின் பயிற்சியில் ஜெர்மனியின் டார்ட்மண்டு அணி, பருவத்தின் நடுவில் 18 அணிகளுள் 17-ஆம் இடத்தில் தவித்தது. இறுதியில் ஏழாம் இடமே பெற்றது. லிவர்பூல் கழகத்தின் ஆய்வுப் பிரிவை நடத்திய இயன் கிரகாம், இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். டார்ட்மண்டு உருவாக்கிய வாய்ப்புகளையும் எதிரணிகளுக்குக் கொடுத்த வாய்ப்புகளையும் கணக்கிட்டு, அது இரண்டாம் இடத்திற்குரிய ஆட்டம் என்று கண்டார். தாழ்ந்தது திறமை அன்று, தற்செயல். 2015 அக்டோபரில் லிவர்பூல் கிளாப்பை அமர்த்தியது. 2019-இல் ஐரோப்பியக் கோப்பையும், 99 புள்ளிகளுடன் 2019-20 பருவத்தின் இங்கிலாந்துப் பட்டமும் அக்கழகத்தை வந்தடைந்தன.

செலவோடு ஒப்பிடுக

அணியின் செயலை மதிப்பிடும்போது மறக்கக் கூடாத மற்றொரு வகுஎண் பணம். பொருளியல் பேராசிரியர் ஸ்டெஃபான் சிமான்ஸ்கி, 1978 முதல் 1997 வரை 40 இங்கிலாந்துக் கழகங்களின் சம்பளச் செலவையும் சராசரித் தரவரிசையையும் ஒப்பிட்டார். தரவரிசை வேறுபாட்டில் 92 விழுக்காட்டைச் சம்பளச் செலவே விளக்கிவிட்டது. எனவே செல்வம் மிக்க கழகம் முதலிடம் பெறுவதில் வியப்பில்லை. செலவுக்கு மேற்பட்ட இடத்தை எது பெறுகிறது என்பதே கேள்வி.

அத்தகைய கழகம் ஒன்று பிரெண்ட்ஃபோர்டு. 1951-இல் ரீப்பை அழைத்த அதே கழகந்தான்! இயற்பியல் பட்டதாரியும் அவ்வணியின் இரசிகருமான மேத்யூ பென்ஹாம் 2012-இல் அதன் உரிமையாளரானார். கோல்களின் பளபளப்பில் மயங்காமல், உருவாகும் வாய்ப்புகளின் தரத்தைக் கொண்டு வீரர்களைத் தேர்ந்தனர். பிறர் கவனியாதவரைக் குறைந்த விலைக்கு எடுத்தனர். 1947-இல் முதற்பிரிவிலிருந்து இறங்கிய பிரெண்ட்ஃபோர்டு, 74 ஆண்டுகள் கழித்து 2021-இல் மீண்டும் அதில் அடி வைத்தது.

எண்கள் சொல்லாதவை

இவ்வளவு சொன்னபின், எண்களின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். 2022 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிராக ஜப்பான் பந்தை வைத்திருந்தது 17.7 விழுக்காடு நேரமே. ஆயினும் 2-1 என வென்றது. பந்தை வைத்திருப்பது ஆட்டத்தை ஆள்வதன் அடையாளமாகலாம். பின்தங்கிய அணி வேறு வழியின்றிப் பந்தைச் சுற்றிக் கொண்டிருப்பதன் அடையாளமும் ஆகலாம். முன்னணியில் உள்ள அணி பின்வாங்கிக் காப்பது வழக்கம். ஆகவே ஆட்டம் எந்நிலையில் இருந்தபோது எடுத்த எண் என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

தற்காப்பு வீரரின் சிறப்பு இன்னும் கடினமான சிக்கல். தக்க இடத்தில் முன்கூட்டியே நிற்பவரிடம் பந்து வருவதேயில்லை. எதிரணியினர் வேறு வழி தேடுகின்றனர். அவர் செய்த நன்மை, நிகழாமற் போன நிகழ்ச்சியாகையால் எந்தக் குறிப்பேட்டிலும் ஏறுவதில்லை. இன்று நிழற்படக் கருவிகள் வீரர் ஒவ்வொருவரின் இடத்தையும் வினாடிக்குப் பல முறை பதிவு செய்கின்றன. இக்குறை மெல்ல மெல்லக் குறைந்து வருகிறது. முற்றும் நீங்கிவிட்டது என்று சொல்வதற்கில்லை.

முடிவுரை

ஒரு பென்சிலில் தொடங்கிய இவ்வரலாறு நமக்கு உணர்த்துவன மூன்று. எந்த எண்ணைக் கண்டாலும், அது எத்தனையில் எத்தனை என்று கேட்க வேண்டும். சிறிய கூறின் துள்ளலைக் கண்டு மயங்கலாகாது. எண்ணுவதற்கு எளியது எதுவோ அதுவே முக்கியமானது என்று கொள்ளலாகாது. இம்மூன்றும் கால்பந்தாட்டத்திற்கு மட்டும் உரியன அல்ல. நோயுற்றவர்களில் எத்தனை பேர் ஒரு மருந்தை உண்டவர், தேர்வில் தவறியவர்களில் எத்தனை பேர் ஒரு பள்ளியில் படித்தவர் என்ற செய்திகள் நாள்தோறும் நம் முன் வருகின்றன. அவற்றைப் படிக்கும்போதெல்லாம் 80 என்ற எண்ணுக்கு அருகில் 91.5 என்ற எண் எழுதப்படாமல் விடுபட்டிருக்கிறதா என்று தேடுவோமாக. வரலாறு படிப்பவராயினும், பொருளியல் படிப்பவராயினும், தாவரவியல் படிப்பவராயினும் அந்தத் தேடல் நமக்குப் பொது.